வீட்டுப் பரிமாற்றத்தில் மொழி: சொன்னவையும் சொல்லாமல் விட்டவையும்

வீட்டுப் பரிமாற்றம் என்பது வெவ்வேறு நாடுகளில் வாழும் இரண்டு குடும்பங்கள், வாடகை கொடுக்காமலும் வாங்காமலும், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத் தத்தம் வீட்டை மற்றவருக்கு ஒப்படைத்துத் தங்கிக்கொள்ளும் ஏற்பாடாகும். இரு தரப்பும் ஒரே நாள்களில் இடம் மாறிக்கொள்வதும் உண்டு. ஒருவர் இந்தக் கோடையிலும் மற்றவர் அடுத்த கோடையிலும் தங்குவதும் உண்டு. இடம் கொடுத்தவர் கணக்கில் புள்ளிகள் சேர்ந்து, அவற்றைக் கொண்டு அவர் மூன்றாவது ஒருவரின் வீட்டில் தங்கிக்கொள்ளும் முறையும் இப்போது பரவியிருக்கிறது. எந்த முறையானாலும் விடுதியில் பணம் செய்யும் வேலையை இங்கே பேச்சுதான் செய்ய வேண்டியிருக்கிறது. விடுதி அறை சரியில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், வேறு விடுதிக்குப் போகலாம். பரிமாற்றத்திலோ இரு தரப்பும் எழுதிக்கொண்ட கடிதங்களும் அவற்றால் விளைந்த நம்பிக்கையும்தான் முதன்மையான பிணை. ஆகவே பொதுமொழி இல்லாத இரண்டு குடும்பங்கள் இந்த ஏற்பாட்டில் இறங்கும்போது, மொழி என்பது பயணத்தின் பக்க வசதியாக இல்லாமல் ஒப்பந்தத்தின் அடித்தளமாகவே ஆகிவிடுகிறது.

மொழித்தடை என்றதும் சொல் தெரியாமல் திண்டாடும் நிலையே பலருடைய நினைவுக்கு வருகிறது. ஆனால் தெரியாத சொல் எதிர்ப்பட்டால் மனிதர்கள் நின்று கேட்கிறார்கள். கேட்டதும் அந்த இடர் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இந்த வழக்கத்தின் எழுபதாண்டு வரலாற்றையும் இன்றைய நடைமுறையையும் சேர்த்துப் பார்த்தால், புரிந்துவிட்டதாக இரு தரப்பும் எண்ணிக்கொள்ளும் சொற்களும், ஒவ்வொரு குடும்பமும் சொல்லத் தேவையே இல்லை என்று விட்டுவிடும் வழக்கங்களும்தான் அதைவிடப் பெரிய இடர்களுக்குக் காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

இவ்வழக்கம் அமைப்பு வடிவம் பெற்றது 1950-களின் தொடக்கத்தில். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் ஆசிரியர்கள் சிலர், நீண்ட கோடை விடுமுறையும் குறைந்த ஊதியமும் கொண்ட தங்கள் வகுப்பினருக்காக 1953-இல் தொடங்கிய இன்டர்வாக் இன்றும் இயங்குகிறது. பிற்காலத்தில் ஹோம்லிங்க் என்று பெயர் பெற்ற அமைப்பும் அதே காலத்தில் அமெரிக்காவில் வேர்விட்டது. அந்நாளில் உறுப்பினர்களின் வீடுகள் அச்சிட்ட பட்டியல் நூலாக அஞ்சலில் வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட இடம் சிறியது என்பதால், எத்தனை பேர் தங்கலாம், குழந்தைகள் உண்டா, கார் கொடுப்பார்களா, புகைபிடிக்கலாமா என்பவை சுருக்கக் குறிகளாகவே அச்சாயின. இடச் சிக்கனத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு ஒரு மொழித் தீர்வாகவும் அமைந்துவிட்டது. குறிகளின் விளக்கத்தை ஒருமுறை தன் மொழியில் படித்துக்கொண்டவர், எந்த நாட்டு வீட்டின் விவரத்தையும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் படிக்கலாம். எட் குஷின்ஸ் 1992-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஹோம் எக்ஸ்சேஞ்ச், 2017-இல் அதனை வாங்கிய பிரெஞ்சு நிறுவனமான கெஸ்ட்-டு-கெஸ்ட் ஆகியவற்றின் காலத்தில் அச்சுப் பட்டியல் கணினித் திரைக்கு மாறியபோதும், தேர்வுக் கட்டங்களை நிரப்பும் அந்த அமைப்பு நீடித்தது. கட்டங்களுக்கு வெளியே எழுதப்படும் தன்விருப்ப விவரிப்பில்தான் மொழிச் சிக்கல் தலைகாட்டுகிறது.

பணமில்லா விருந்தோம்பலுக்கு மொழிவழியாகவே விடை தேடிய முயற்சிகளும் அக்காலத்தில் இருந்தன. 1949-இல் டென்மார்க்கில் பிறந்த சர்வாஸ் இயக்கம் உலக அமைதியை நோக்கமாகக் கொண்டு, பயணிகளை உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைத்தது. 1974-இல் முதல் முகவரி நூலை வெளியிட்ட பாஸ்போர்த்தா செர்வோ ஒருபடி மேலே சென்று, விருந்தினர் எஸ்பெரான்தோ பேச வேண்டும் என்பதையே நிபந்தனையாக வைத்தது. எஸ்பெரான்தோ என்பது எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத பொதுமொழியாக 1887-இல் ஸாமென்ஹோஃப் உருவாக்கி வெளியிட்ட மொழி. அதை இரு தரப்பும் கற்றே பெற்றிருப்பதால் பிறப்பால் வரும் மேலாண்மை எவருக்கும் இல்லை. எளிதில் பின்பற்ற முடியாத வழி இது என்றாலும், மொழிச்சுமையை இரு தோள்களிலும் சமமாக ஏற்றிய ஒரே ஏற்பாடு என்ற மதிப்பு இதற்கு உண்டு. ஆங்கிலமே பொதுமொழியாகிவிட்ட இன்றைய பரிமாற்றங்களில் அந்தச் சமநிலை காணப்படுவதில்லை.

பொய்யான உடன்பாடு எங்கெல்லாம் பிறக்கிறது என்று பார்த்தால், எண்களில் என்பது முதல் விடையாகக் கிடைக்கிறது. எண்கள் மொழியைக் கடந்தவை என்ற நம்பிக்கையால் அவற்றை எவரும் இருமுறை சரிபார்ப்பதில்லை. ஜெர்மானியர் ஒருவர் 'மூன்று அறை வீடு' என்று எழுதினால், சமையலறையும் குளியலறையும் அக்கணக்கில் சேராது, வரவேற்பறை சேரும். அதாவது அது சென்னையில் '2 பி.எச்.கே.' என்று சொல்லப்படும் வீடு. மூன்று படுக்கையறை என்று எண்ணிக்கொண்டு ஆறு பேராகப் போய் இறங்கும் குடும்பத்தில் இருவர் கூடத்தில்தான் படுக்க நேரும். பிரான்சில் 'டி3' என்று குறிப்பிடுவதும் இதே கணக்குத்தான். ஜப்பானில் '2 எல்.டி.கே.' என்றால் இரண்டு அறைகளும், அவை தவிர அமர்வதற்கும் உண்பதற்கும் சமைப்பதற்குமான ஒரு பொது இடமும் என்று பொருள். பிரெஞ்சு வழக்கில் முதல் மாடி என்பது நம் ஊரைப் போலவே தரைத்தளத்துக்கு மேலே உள்ளது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் முதல் தளம் என்பதே தரைத்தளம். மின்தூக்கி இல்லாத பழைய பாரிஸ் கட்டடத்தில் நான்காம் மாடி வீட்டை ஏற்றுக்கொள்ளும் அமெரிக்க முதியவர், தாம் எண்ணியதைவிட ஒரு மாடி கூடுதலாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். கட்டில் அளவும் இத்தகையதே. பிரான்சில் இருவருக்கான வழக்கமான கட்டிலின் அகலம் 140 சென்டிமீட்டர். ஜெர்மனியில் 180 சென்டிமீட்டர் கட்டில் இயல்பானது, அதிலும் பல வீடுகளில் மெத்தைகளும் போர்வைகளும் இருவருக்கும் தனித்தனி.

தேதியும் நேரமும் இதைவிட ஆபத்தானவை, ஏனெனில் விமானச்சீட்டு அவற்றை நம்பியே எடுக்கப்படுகிறது. 05/06 என்பது இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வலியுறுத்தும் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற அனைத்துலகத் தரநிலை 1988-இலேயே வெளிவந்திருந்தும், தனிமனிதர் கடிதங்களில் அதைக் காண்பது அரிது. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவதே எளிய காப்பு. பிரெஞ்சுக்காரர் பேச்சுவழக்கில் 'பதினைந்து நாள்' என்று சொல்வது இரண்டு வாரத்தை, 'எட்டு நாள்' என்று சொல்வது ஒரு வாரத்தை. அதை எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்து ஒரு நாளைக் கூட்டிக் கணக்கிடும் விருந்தினர், வீட்டுக்காரர் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது இன்னும் பெட்டி கட்டாமல் இருப்பார். பிரிட்டன்காரர் 'அரை ஏழு' என்று சொன்னால் ஏழரை மணி. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் தம் மொழியில் 'அரை ஏழு' என்று சொன்னால் ஆறரை மணி. சாவி வாங்குவதற்காகத் தெருவில் ஒருவரை ஒரு மணி நேரம் காக்கவைக்க இந்த ஒரு தொடர் போதும்.

தோற்றத்தில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருக்கும் சொற்களை மொழியியலார் போலி இணைச்சொற்கள் என்பர். பரிமாற்றக் கடிதங்களில் இவை பெரும்பாலும் ஓரளவு ஆங்கிலம் அறிந்த ஐரோப்பியர் வழியாக நுழைகின்றன. ஜெர்மன் மொழியில் 'எவென்டுவெல்' என்றால் 'ஒருவேளை'. அதனோடு ஒலியொத்த ஆங்கிலச் சொல்லுக்குக் 'கடைசியில்' என்பது பொருள். ஆகஸ்டில் ஒருவேளை வருவோம் என்று எழுத நினைத்தவரின் ஆங்கிலக் கடிதம், ஆகஸ்டில் எப்படியும் வந்துவிடுவோம் என்ற உறுதியாகப் போய்ச் சேர்கிறது. பிரெஞ்சில் 'தெமாந்தே' என்பது பணிவாகக் கேட்பது. அதை ஒலி மாறாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் அதட்டிக் கேட்பதாகிவிடும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுமாறு வேண்டிக்கொண்ட ஒரு பெண்மணி, முன்பின் தெரியாத குடும்பத்துக்கு ஆணையிடுபவராகத் தோன்றிவிடுவார். இந்த இடங்களில் எழுதியவரும் படித்தவரும் தத்தம் அறிவில் தவறு எதையும் காண்பதில்லை. மனத்தாங்கல் மட்டும் மிஞ்சுகிறது.

இயந்திர மொழிபெயர்ப்பு இந்நிலைமையை எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு வசதி 2006-இல் வந்தபோது புள்ளியியல் முறையில் இயங்கியது. ஏற்கெனவே இருமொழியில் உள்ள ஏராளமான ஆவணங்களை ஒப்பிட்டு, எந்தத் தொடருக்கு எந்தத் தொடர் நேராக வரக்கூடும் என்று கணிப்பது அம்முறை. தமிழ் அதில் 2011-இல் சேர்க்கப்பட்டது. 2016-இல் அவ்வசதி நரம்பிணைய முறைக்கு மாறத் தொடங்கியது. இம்முறையில் வாக்கியம் துண்டுதுண்டாக அல்லாமல் முழுமையாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. அடுத்த ஆண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து டீப்எல் வெளிவந்தது. தொலைபேசிக் கேமராவைப் பெயர்ப்பலகை மீது காட்டினால் எழுத்து மொழிமாறித் தெரிவதும் இன்று எளிதாகிவிட்டது. பொதுமொழி இல்லை என்பதற்காக ஒரு பரிமாற்றத்தையே கைவிட வேண்டிய காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று துணிந்து கூறலாம். இது சிறிய மாற்றமன்று.

எனினும் பழைய முறையின் குறையே ஒருவகைப் பாதுகாப்பாக இருந்ததை மறந்துவிடக் கூடாது. அன்றைய மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்ததால், படிப்பவர் ஐயத்தோடு படித்தார், ஐயத்தோடு திருப்பிக் கேட்டார். இன்றைய மொழிபெயர்ப்பு வழுவழுப்பாக ஓடுவதால், 'அல்ல' என்ற சொல் விழுந்துபோயிருந்தாலும் வாக்கியத்தின் நடையில் அது தெரிவதில்லை. பலவேளைகளில் ஆங்கிலத்தை இடைவழியாகக் கொண்டே இம்மாற்றம் நடைபெறுவதால் வேறு இழப்புகளும் நேர்கின்றன. தமிழ்க் குடும்பம் ஒன்று 'நீங்கள்' என்று மரியாதையாக எழுதியது ஆங்கிலத்தில் ஒருமை பன்மை வேறுபாடில்லாத முன்னிலைச் சொல்லாகி, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போகும்போது, நெருக்கமானவருக்கும் குழந்தைகளுக்கும் உரிய 'தூ' என்றும் விழலாம். அந்நியருக்கும் மூத்தவருக்கும் உரிய 'வூ' என்றும் விழலாம். அதுபோலவே 'நாங்கள்' என்பதற்கும் 'நாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலத்தின் ஒரே தன்மைப் பன்மையில் கரைந்துவிடுகிறது. புறப்படும் முன் வீட்டைத் துப்புரவு செய்வது வந்தவர் மட்டுமா, இரு தரப்புமா என்பது எழுதியவருக்குத் தெளிவாகவும் படித்தவருக்கு மங்கலாகவும் போய்ச் சேர்கிறது.

இயந்திரத்துக்காக எழுதுவதென்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருப்பதால், அதன் மரபைச் சற்று விரிவாகவே நோக்கலாம். ஓக்டன் 1930-இல் முன்வைத்த 850 சொல் ஆங்கிலம் முதல், விமானப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்காக வகுக்கப்பட்ட எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் வரை, கட்டுப்படுத்தப்பட்ட மொழி என்ற பெயரில் வளர்ந்த முயற்சிகள் யாவும் ஏறத்தாழ ஒரே அறிவுரையைத் தருகின்றன: வாக்கியத்துக்கு ஒரு செய்தி, ஒரு பொருளுக்கு ஒரே சொல், எழுவாயை விட்டுவிடாமை, மரபுத்தொடரைத் தவிர்த்தல். இந்த நான்கில் தமிழருக்குக் கடினமானது மூன்றாவதுதான், ஏனெனில் எழுவாயை விட்டுவிடுவது தமிழின் இயல்பு. 'சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடவும்' என்ற தொடரில் யார், எப்போது, எந்தப் பக்கத்து வீட்டில் என்பவை எதுவும் இல்லை. 'ஜூலை 14 அன்று காலை 9 மணிக்கு முன் நீங்கள் சாவியை 12-ஆம் எண் வீட்டில் கொடுங்கள்' என்று எழுதினால் எந்த மொழிக்குப் போனாலும் அது சிதையாது. எழுதியதைச் சரிபார்க்கச் சமூகவியல் ஆய்வுகளில் பயன்படும் பின்மொழிபெயர்ப்பு உதவும். மொழிபெயர்ந்து வந்ததைத் தொடர்பில்லாத இன்னொருவர் மூலமொழிக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிடும் இம்முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் விளக்கி எழுதினார். வீட்டுப் பரிமாற்றத்தில் அந்த இன்னொருவர் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளாகவே இருக்கலாம்; அதே மென்பொருளைக் கொண்டு திருப்பினால் அது தன் பிழையைத் தானே மறைத்துவிடக் கூடும். அதைவிட நம்பத்தக்க வழி, ஏற்றுக்கொண்டவர் 'சரி' என்று எழுதாமல், தாம் என்ன புரிந்துகொண்டார் என்பதைத் தம் சொற்களில் திருப்பி எழுதுவது.

'சரி' என்ற விடையை ஐயுற வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. மறுப்பை நேரடியாகச் சொல்வது நாகரிகமன்று என்று கருதும் சமூகங்கள் பல. ஜப்பானியர் 'சற்றுக் கடினம்' என்றோ 'ஆலோசிக்கிறோம்' என்றோ எழுதினால் பெரும்பாலும் அது மறுப்பு. தமிழரின் 'பார்த்துச் சொல்கிறோம்' என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. தமிழ் வாசகர் எவருக்கும் அதன் தொனி விளங்கும், ஆனால் அது டச்சு மொழிக்குப் போய்ச் சேரும்போது தொனி உடன் போவதில்லை. டச்சுக் குடும்பம் அதனை இன்னும் உயிருள்ள பேச்சாக எடுத்துக்கொண்டு, வேறு வீடு தேடாமல் வாரக்கணக்கில் காத்திருக்கும். எதிர்த்திசையிலும் இதே அளவு புண்பாடு நேர்கிறது: 'இல்லை, உங்கள் ஊர் எங்களுக்கு வேண்டாம்' என்ற ஒருவரி டச்சு மறுப்பில் இகழ்ச்சி சிறிதும் இல்லை என்பதை ஆசிய வாசகர் உணர்வது கடினம். பரிமாற்றக் கடிதங்களில் ஏற்பையும் மறுப்பையும், முடிவு சொல்லும் தேதியையும் வெளிப்படையாக எழுதிவிடுவது எந்தப் பண்பாட்டின் பணிவுக்கும் ஊறு செய்வதில்லை.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் வெளியிட்ட நூலில், சூழலே பெரும்பகுதிப் பொருளைத் தாங்கும் சமூகங்கள் என்றும், சொல்லே பொருளைத் தாங்கும் சமூகங்கள் என்றும் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். ஜப்பான் முதல் வகைக்கும் ஜெர்மனி இரண்டாம் வகைக்கும் வழக்கமான எடுத்துக்காட்டுகள். கடிதப் போக்குவரத்தை விளக்க இப்பாகுபாடு ஓரளவு உதவினாலும், வீட்டின் வாசற்படியைத் தாண்டியதும் இது பயன்படுவதில்லை. எல்லாவற்றையும் சொல்லில் வைப்பதாகக் கூறப்படும் ஜெர்மானியரின் வீடும், சொல்லப்படாத விதிகளால்தான் நடக்கிறது. தாம் பிறந்த நாள் முதல் செய்துவருவதை எவரும் விதி என்று உணர்வதில்லை. உணராததை எழுதுவதும் இல்லை. எழுதாததை எந்த மென்பொருளாலும் மொழிபெயர்க்க முடியாது.

தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் அடுக்ககம் ஒன்றில் தங்க வரும் விருந்தினரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலையில் கதவுக் கைப்பிடியில் சிறிய பலகை ஒன்று தொங்குகிறது. அறிவிப்போ விளம்பரமோ என்று எண்ணி அவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிடக் கூடும். அப்பலகை 'கேர்வோஹ' எனப்படும் முறைவாரத்தின் அடையாளம். அது எந்த வீட்டின் கதவில் தொங்குகிறதோ, அந்த வீட்டார் அந்த வாரம் படிக்கட்டையும் பொதுவழியையும் பெருக்கித் துடைத்து, வார இறுதியில் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். கேமராவைக் காட்டினால் பலகையில் உள்ள சொல் 'பெருக்கும் வாரம்' என்று தெரியும். யார் பெருக்குவது, எதுவரை பெருக்குவது, விருந்தினருக்கும் அது பொருந்துமா என்பவை தெரியமாட்டா.

அதே வீட்டின் சன்னல் கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் சன்னல் பூட்டியிருக்கிறது. கிடையாக இருந்தால் கதவுபோல் உள்ளே திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேற்பகுதி மட்டும் உட்புறம் சாயும். முதல்முறை காண்பவர் சன்னல் கழன்று விழுகிறது என்று அஞ்சுவது இயல்பு. குளிர்காலத்திலும் நாளில் சிலமுறை சன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத கடமை. விடாவிட்டால் சுவரில் பூஞ்சை படரும். சூடேற்றியின் திருகில் உள்ள 3 என்ற எண் ஏறத்தாழ 20 பாகை வெப்பத்தைக் குறிக்கும். அதை 5-இல் வைத்தால் அறை வேகமாகச் சூடாகும் என்பது தவறான எண்ணம். குப்பையில் உணவுக்கழிவு, தாள், பொட்டலப் பொருள்கள், எஞ்சியவை ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொட்டிகள். கண்ணாடிப் புட்டிகளை வெள்ளை, பழுப்பு, பச்சை என நிறம்பிரித்துத் தெருவிலுள்ள பெட்டியில் போட வேண்டும். ஓசை எழும் என்பதால் ஞாயிறன்று போடக்கூடாது. வைப்புத்தொகை பெற்ற புட்டிகளும் டப்பாக்களும் இவற்றில் எதிலும் சேராமல் கடைக்கே திரும்புகின்றன. ஒருமுறை பயன்படுத்தும் புட்டிக்கு அத்தொகை 25 சென்ட். இரவு பத்து மணிக்குமேல் அண்டை வீட்டுக்குக் கேட்கும்படி ஓசை எழுப்பலாகாது. ஜெர்மன் மொழியில் தேர்ந்தவராக இருந்தாலும், ஹைதராபாத்திலோ லிமாவிலோ வளர்ந்த ஒருவருக்கு இவற்றுள் எதுவும் தானாகத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆகவே வீட்டுக் குறிப்பேடு எனப்படும் கையேட்டை எழுதுவதில் வீட்டுக்காரர் செலவிடும் உழைப்பு, மொழி கற்பதில் விருந்தினர் செலவிடும் உழைப்பைவிட அதிகப் பயன் தருகிறது. அதற்கு வேண்டியது நடையழகன்று. தன் வீட்டை அந்நியர் கண்ணால் ஒருமுறை சுற்றிப் பார்க்கும் பொறுமை. சலவை இயந்திரத்தின் திருகில் 'ஃப்ளேகெலைஹ்ட்', 'ஷ்லொய்டர்ன்' என்று எழுதியிருப்பதைப் படமெடுத்து, இது எளிதில் பராமரிக்கக்கூடிய துணிக்கு, இது பிழிவதற்கு என்று அம்புக்குறி போட்டுவிட்டால் இலக்கணம் தேவைப்படாது. துணியின் உள்மடிப்பில் தைத்திருக்கும் துவைப்புக் குறிகளை நாடுகள் பலவும் பொதுவாக ஏற்றுக்கொண்டிருப்பதால் அங்கு விளக்கமே வேண்டியதில்லை. தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் திருகு, மின்பலகை, எரிவாயு அடைப்பான் ஆகியவற்றைக் காட்டும் ஒரு நிமிடக் காணொலி, பல பக்க எழுத்துக்கு ஈடானது. ஜப்பானிய வீடுகளில், வெளியே உடலைக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும், அந்த நீரையே வீட்டார் அனைவரும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவர் என்பதையும் படமே சங்கடமின்றிச் சொல்லிவிடும். இந்திய வீட்டைக் கொடுப்பவர் எழுத வேண்டியவையும் குறைவல்ல: குடிநீர் எந்தக் குழாயில் வரும், மேல்தொட்டிக்கு மோட்டார் எப்போது போட வேண்டும், மின்தடையில் இன்வெர்ட்டர் எவற்றை இயக்கும், வீட்டுவேலைக்கு வருபவர் எத்தனை மணிக்கு அழைப்புமணி அடிப்பார் என்பவை வெளிநாட்டுக் குடும்பத்துக்கு முழுப் புதிர்கள்.

எழுத்து ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். இரு மொழியிலும் பக்கம் பக்கமாக எழுதி, மாறுபாடு நேர்ந்தால் எந்த மொழி வடிவம் செல்லும் என்பதையும் அதிலேயே குறித்துவிட வேண்டும். இத்தாலியும் எத்தியோப்பியாவும் 1889-இல் செய்துகொண்ட வுச்சாலே உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, இத்தாலிய மொழியில் ஒன்றாகவும் அம்ஹாரிக் மொழியில் வேறாகவும் இருந்தது 1896-இன் அட்வா போருக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்று. குடும்பங்களுக்கிடையே போர் மூளாது என்றாலும், காரின் முகப்பு நசுங்கினால் வழக்கு மூளலாம். காப்பீட்டில் இழப்பின் முதற்பகுதியைக் காப்பீடு பெற்றவரே ஏற்க வேண்டிய தொகையைப் பிரெஞ்சில் 'ஃபிரான்ஷீஸ்' என்கிறார்கள். ஒலியை வைத்துப் பொருள் கொண்டால் வணிக உரிமம் என்று தோன்றும். சொல்லை விட்டுவிட்டுத் தொகையை எண்ணில் எழுதி, அதை யார் கொடுப்பது என்று பெயர் குறிப்பிடுவதே சிறந்தது. விருந்தினர் தங்குவதையும் கார் ஓட்டுவதையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறதா என்பதை, புறப்படும் முன்பே அதனிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்வதும் அவசியம்.

அரசு அலுவலகங்களின் மொழி வேறு. இந்தியர் ஒருவர் பிரான்சில் தனியார் வீட்டில் தங்கக் குறுகியகால விசா கேட்டால், வரவேற்புச் சான்று என்ற ஆவணத்தை வீட்டுக்காரர் தம் ஊர் நகரமன்றத்தில் கேட்டுப் பெற்று அனுப்ப வேண்டிவரும். இதனைத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால், பிரெஞ்சுக் குடும்பம் தானும் விடுமுறைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதற்கு நேரமில்லாமல் போகும். எல்லையில் கேட்கப்படும்போது 'வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறோம்' என்று சொல்வது, வேலைக்கு வந்தவராகக் கருதப்பட இடம்தரும். விடுமுறைக்கு வந்து நண்பரின் வீட்டில் தங்குவதாகச் சொல்வதே உண்மைக்கும் பொருத்தமானது. கார் ஓட்டும் உரிமத்தைப் பொறுத்தவரை ஜப்பான் தெளிவான விதி வைத்திருக்கிறது: 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்பட்ட அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை அது ஏற்கும், ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளின் உரிமத்தை, அங்கீகாரம் பெற்ற ஜப்பானிய மொழிபெயர்ப்போடு மட்டுமே ஏற்கும்.

நோயும் விபத்தும் நேரும் வேளையில் தட்டச்சு செய்து மொழிபெயர்க்க நேரமிருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112 என்ற ஒரே அவசர எண் செல்லுபடியாகும். இந்தியாவிலும் இன்று அதுவே அவசர எண் என்பது நினைவில் நிற்க உதவும். வீட்டின் முழு முகவரியை, உள்ளூர் எழுத்திலும் விருந்தினர் படிக்கக்கூடிய எழுத்திலும் பெரிதாக எழுதி வாசற்கதவின் உட்புறம் ஒட்டிவைக்கும் வழக்கம் எல்லா வீடுகளுக்கும் வேண்டும். அழைப்பவரால் முகவரியைச் சொல்ல முடியாமல் போவது உயிருக்கே ஆபத்தாகும். மருந்துகளின் வணிகப் பெயர்கள் எல்லை தாண்டுவதில்லை. இங்கே குரோசின், டோலோ என்று கேட்டு வாங்குவது பிரான்சில் டோலிப்ரான். உலக நலவாழ்வு அமைப்பு 1950-களிலிருந்து வெளியிட்டுவரும் பொதுப்பெயர் பட்டியலின்படி அது பாராசிட்டமால்; அந்தப் பெயரும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசிட்டமினோஃபென் என்று மாறிவிடுகிறது. நாள்பட்ட நோயுள்ளவர், ஒவ்வாமை உள்ளவர் ஆகியோரின் மருந்துப் பொதுப்பெயர்களை, செல்லும் நாட்டின் மொழியில் எழுதிய ஒரு தாள் பணப்பையில் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நடைமுறையில் அதிகம் உதவுபவர் மூன்றாமவர் ஒருவர்: இரு மொழியும் அறிந்த அயலார், உறவினர், அல்லது வீட்டுக்காரரின் நண்பர். பாரிஸ், ஸூரிக், ஆஸ்லோ போன்ற நகரங்களில் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த தலைமுறை, உள்ளூர் மொழியையும் தமிழையும் ஒருங்கே பேசுவதால், தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ செல்பவருக்கு இத்துணை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் பிள்ளைகளாக இருந்தபோதே மருத்துவமனையிலும் நகராட்சியிலும் பெற்றோருக்காக மொழிபெயர்த்துக் களைத்த தலைமுறையும் அதுவே; எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று அவர்களை எடுத்துக்கொள்ளாமல், எந்த நாள்களில் எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நியாயம். அவ்வாறு ஒருவர் கிடைத்தால், புறப்படுவதற்கு முன் இரு குடும்பத்தாரும் அவரும் சேர்ந்து ஒருமுறை காணொலியில் பேசிக்கொள்வது, மாதக்கணக்கில் எழுதிய கடிதங்களில் வெளிப்படாத ஐயங்களை வெளிக்கொண்டுவரும்.

மொழித்திறனைத் தெரிவிக்கும்போது 'கொஞ்சம் தெரியும்' என்று எழுதுவதால் பயனில்லை, ஏனெனில் ஸ்வீடன்காரர் சொல்லும் 'கொஞ்சம்' வேறு, ஸ்பெயின்காரர் சொல்லும் 'கொஞ்சம்' வேறு. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உள்ளன; பி1 என்றால், பழகிய பொருள்களைப் பற்றிப் பேசவும் பயணத்தில் எழும் சூழ்நிலைகளைச் சமாளிக்கவும் முடியும் என்று பொருள். இரு தரப்பின் படியையும் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டால், எவர் எவருக்காக மெதுவாகவும் எளிமையாகவும் எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இங்குக் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியவர்கள். தம் மொழியிலேயே எல்லாம் நடப்பதால் அவர்களுக்குத் தடை கண்ணில் படுவதில்லை. அவர்களுடைய மரபுத்தொடர்களையும் சுருக்கங்களையும் கிண்டலையும் அவிழ்த்துப் புரிந்துகொள்ளும் உழைப்பு முழுவதும் மறுபுறத்தில் நடக்கிறது. சென்னையிலோ கொழும்பிலோ ஆங்கிலம் சரளமாகப் பேசும் குடும்பம், போர்ச்சுகலின் சிற்றூர்க் குடும்பத்தோடு பரிமாறிக்கொள்ளும்போது இதே இடத்தில்தான் நிற்கிறது. அப்போது பொறுப்பு முதலில் சரளமாகப் பேசுபவரையே சாரும்: சிறிய வாக்கியங்களை எழுதுவதும், மறுமுனையிலிருந்து போர்ச்சுகீசிய மொழியிலேயே எழுதுமாறு கேட்டு அதைத் தாமே மொழிபெயர்த்துக்கொள்வதும், எழும் ஐயத்தை முதலில் கேட்பதும் அவருடைய வேலை.